பாஸ்கலை எனக்கு விற்றவர்

1984 ஜூலை 14, சனிக்கிழமை, காலை பத்தேகால். தூறல் நின்று வெயில் சுள்ளென்று அடித்தது. எங்கள் ஊரின் காஜா பேராங் வட்டாரத்தில் இருந்த ஒரு கணினிக் கடைக்குள் நுழைந்தேன். விற்பனையாளர் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், மஞ்சள் துணியால் விசைப்பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போனபோதெல்லாம் துடைத்துக்கொண்டுதான் இருந்தார்.

பணி ஓய்வு பெற்ற எனக்கு ஒரே ஓர் ஆசை. எந்தத் தேதியைக் கொடுத்தாலும் கிழமையைச் சொல்லும் நிரலை நானே எழுத வேண்டும். வீட்டுக் கணினியில் பேசிக் மொழி இருந்தது. அதிலேயே தொடங்கலாமா என்று கேட்டேன்.

"பேசிக் சின்னப் பிள்ளைங்களுக்கு சார். உங்கள மாதிரி படிச்சவங்களுக்குப் பாஸ்கல்தான் லா."

படிச்சவங்க என்ற சொல்லில் மயங்கிவிட்டேன். பாஸ்கல் வட்டு, புத்தகம், வட்டை ஓட்டும் கருவி எல்லாம் வாங்கினேன். நான்கு மாதம் மல்லுக்கட்டியும் ஒரு கிழமைகூட வரவில்லை. மறுபடி போய், எழுதிய தாளை நீட்டி, எந்த வரியில் பிழை என்று கேட்டேன்.

"எனக்கு எப்படி சார் தெரியும்? நான் பாஸ்கலும் படிக்கல, பேசிக்கும் படிக்கல."

"பிறகு ஏன் சொன்னீங்க?"

"நீங்க கேட்டீங்க. தெரியாதுன்னு சொன்னா முதலாளி என்னைய இங்க நிக்க விடுவாரா?"

சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். திட்டப் போனவன் உட்கார்ந்துவிட்டேன். ஏன் உட்கார்ந்தேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. நிரலை நான் எழுதவே இல்லை. ஆன செலவு அறுநூற்று எழுபத்திரண்டு வெள்ளி நாற்பது காசு.