தூக்கி வைத்த கால்கள்

ஆபரேஷன் தியேட்டரில் அவருக்குப் பட்டப்பெயர் 'தலகாணி'. நோயாளிகளை மேஜையில் கிடத்துவதுதான் பத்தொன்பது வருஷமாக அவர் வேலை. மயக்கத்தில் இருப்பவருக்கு, வலிக்கிறதென்று புரண்டு படுக்க வழியில்லை. அதனால் முழங்கைக்கு அடியில் பஞ்சு, குதிகாலுக்கு அடியில் மெத்தை என்று பார்த்துப் பார்த்து வைப்பார். "என்னை ஒரு நாளாவது இப்படித் தாங்கியிருக்கீங்களா?" என்று வீட்டில் மனைவி கேலி செய்வாள்.

அன்று வந்தவள் ஒரு தையல்காரி. அடிவயிற்றில் கட்டி. இரண்டு கால்களையும் உயரத் தூக்கித் தாங்கிகளில் கட்டி, தலைப்பக்கத்தைத் தாழ்த்தினார்கள். மூன்று மணி நேர வேலை என்றார் சர்ஜன். நான்கானது, ஐந்தும் ஆனது. கட்டி குடலோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

தலகாணி கடிகாரத்தைப் பார்த்தார். தூக்கி வைத்த காலுக்கு ரத்தம் ஏறிப் போகத் திணறும் என்பது அவருக்குத் தெரியும். மேலே போர்த்தியிருந்த துணிக்கு அடியில் கைவிட்டு அவள் கால்விரல்களைத் தொட்டார். சில்லென்றிருந்தன.

"சார், கால் ரொம்ப நேரமா மேலயே இருக்கு" என்றார், பாதியை முழுங்கியபடி.

"இன்னும் பத்தே நிமிஷம்ப்பா."

அந்தப் பத்து நிமிஷம் முக்கால் மணி நேரமானது. மறுபடி தொட்டார். இடது கெண்டைக்கால் இறுகியிருந்தது. இந்த முறை நேராக மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மாவிடம் போனார்.

"மேடம், நீங்களே தொட்டுப் பாருங்க."

தொட்டதும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. "நிறுத்துங்க சார். கால இறக்கியாகணும். இப்பவே."

ஒவ்வொரு காலாக மெல்ல இறக்கினார்கள். இறங்கிய கால்களுக்குள் ரத்தம் பாய, பிரஷர் மளமளவென்று சரிந்தது. மானிட்டர் அலறியது. மருந்து ஏற்றி மீட்பதற்குள் எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டிவிட்டது.

கட்டியை ஒருவழியாக எடுத்து முடித்தார்கள். சாயங்காலம் கண் விழித்தவள், இடது கால் வெடிக்கிற மாதிரி இருக்கிறது என்று கதறினாள். கெண்டை கல்லாக வீங்கியிருந்தது. உள்ளே நெரிபட்ட சதைக்கு இடம் கொடுக்க, மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய்க் காலை நீளமாகக் கீறினார்கள். அப்போதும் அவளைக் கிடத்தியவர் அவர்தான்.

கால் பிழைத்தது. பாதத்தைத் தூக்க மட்டும் வரவில்லை.

ஒரு வாரம் வார்டுப் பக்கமே தலைகாட்டாமல் இருந்தார். எட்டாம் நாள் அவள் கட்டிலருகே போனார்.

"அண்ணே, வயித்துலதானே வெட்டுனாங்க? காலுக்கு என்ன ஆச்சு? கேட்டா ஆளாளுக்கு மழுப்புறாங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். "மொதத் தடவையே நான் சத்தமா சொல்லியிருக்கணும்மா."

அவள் அழவில்லை. "இனிமே எந்தக் காலால மிஷினை மிதிக்கிறது?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. வார்டில் அவர் என்ன பேசினார் என்று மேலிடம் விசாரிக்க வேண்டுமாம், உடனே வரவேண்டுமாம். தியேட்டர் மேஜையில் ஒரு கிழவர் மயங்கிக் கிடந்தார். அவருக்கும் கால்களைத் தூக்கியாக வேண்டும்.

"இவர ஒழுங்கா படுக்க வச்சுட்டு வர்றேன்னு சொல்லு" என்றார் தலகாணி.