கன்னி மரத்துக்கு வந்த மாப்பிள்ளை

“…அதுவும் எறா கணக்கா ஐஸ்ல போட்டா மாப்ளய இட்டாருவாங்க? பொண்ணு வூட்ல ஒரு வார்த்த கேட்டீங்களா நைனா?” என்று ஏலக்கார அக்கா இடுப்பில் கைவைத்து மரத்தை மறித்துக்கொண்டு நின்றார். எதிரே வனத்துறை ரேஞ்சர், ஒரு காலில் பூட்ஸ், மறுகால் சேற்றில். அவருடைய ஜீப் ஓட்டுநரான நான், ஐஸ் பெட்டியைச் சுமந்தபடி பின்னால்.

எழுபதுகளில் முட்டுக்காட்டுக் கரையில் மீன் ஏலம் விட்டவர் அந்த அக்கா. அவர் குரலெடுத்தால் செத்த மீனும் கண்ணைத் திறந்து விலை கேட்கும் என்பார்கள். உப்பங்கழிக்குள் இருந்த அந்தச் சின்னத் தீவும் அதிலிருந்த மரமும் அவர்கள் குப்பத்துக்குச் சொந்தம் மாதிரி. வருஷா வருஷம் பூக்கும், காய்க்காது. அதனால் கன்னி மரம். பெண்கள் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். ஆண்கள் தொடவே மாட்டார்கள். மற்றத் தீவுகளில் அந்த ஜாதி மரமெல்லாம் அடுப்புக்குப் போனபோது இது தப்பியது அந்தப் பயபக்தியால்தான்.

இது பெண் மரம், புதுப்பட்டினம் பக்கத்துத் தீவில் மிஞ்சியிருப்பது ஆண் மரம், உலகத்தில் இந்த இரண்டுதான் பாக்கி என்று ரேஞ்சர் அலைந்து கண்டுபிடித்திருந்தார். ஆண் பூ உச்சிவெயிலுக்குள் வாடிவிடும் என்பதால் விடியலில் பறித்து, மீன் சந்தை ஐஸில் வைத்துப் பறந்து வந்தோம். எல்லாம் யோசித்தவர்கள், குப்பத்தில் கேட்க மட்டும் மறந்துபோனோம்.

ரேஞ்சர் பொறுமையாக, மரத்தின் அடியில் விழுந்திருந்த பொந்தைக் காட்டினார். அடுத்த பூப்புக்கு இது நிற்காது, ஆண் பூவின் தூளை இந்தப் பூவில் இன்றைக்கே வைத்தாக வேண்டும் என்றார். அக்கா பொந்துக்குள் கைவிட்டுப் பார்த்தார். ஏலக் குரல் இறங்கிப்போயிற்று.

“பொட்டு வைக்கிறாப்லயா?”

“அதேதாம்மா.”

இன்று படகுத்துறைக்கு வருகிறவர்கள் அந்தத் தீவில் வளர்ந்து நிற்கும் கன்னி மரத்துப் பிள்ளைகளைக் காட்டிப் பெயர் கேட்கிறார்கள். எனக்குச் சிரிப்பு முந்திக்கொள்கிறது.

“ஆம்பள கை படக்கூடாது. அல்லாரும் அப்பால திரும்புங்க,” என்றார் அன்று அக்கா. எங்களைக் கடல் பக்கம் திருப்பிவிட்டு, புடவையை வரிந்து செருகி, பூப்பொட்டலத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு விறுவிறுவென்று மரத்தில் ஏறினார்.