லித்தியம் இல்லாத நட்சத்திரம்

மாடம்பாக்கத்து வாடகை வீட்டில் உட்கார்ந்துகொண்டு, நாலு வருடம் கிழட்டு நட்சத்திரங்களில் லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தேன். அதுதான் என் ஆராய்ச்சி. பிரபஞ்சம் பிறந்த சூட்டிலேயே கொஞ்சம் லித்தியம் உண்டாகிவிட்டது. இரும்பு மாதிரி உலோகங்கள் அதிகம் சேராத பழைய நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால், சிவப்பில் மெல்லிய கீறலாக அது தெரியும். அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே அளவுதான் வரும்.

ஒன்றில் மட்டும் கீறலே இல்லை.

சூடு கூடினால் கீறல் மங்கும்; அதன் வெப்பநிலையைத் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று திருப்பித் திருப்பிக் கணக்கிட்டேன். வேறொரு தொலைநோக்கியின் பதிவையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இல்லைதான். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் தாங்காமல் என் ஆராய்ச்சிக் கைடிடம் காட்டினேன். அவர் திரையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

"டேட்டா மோசம்மா. தீசிஸ்ல இதைப் போட்டா எக்ஸாமினர் உன்னைக் கிழிச்சிடுவார். எடுத்துடு."

எடுத்தேன். என் கையாலேயே.

பட்டம் வாங்கிய மறு வருடம், ஒரு மதியம், சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் புதிதாக வந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதே நட்சத்திரம். என் வெப்பநிலை, என் வரைபடம், நான் வைத்த பச்சைப் புள்ளிகள். எழுதியவர் என் கைடு, அவர் மட்டும். நன்றி சொன்ன பட்டியலில்கூட நான் இல்லை.

கை கழுவினேனா என்று ஞாபகமில்லை. தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடித்தேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா மேடம், யாரையோ அடிக்கப் போற மாரி கீறீங்க?"

"ஆமா."

அவர் வண்டியை விரட்டினார்.

ரயில் ஏறிப் போய்க் கைடின் அறைக்குள் நுழைந்ததும் கேட்டேன். "சார், இது மோசமான டேட்டான்னு சொன்னீங்களே?"

"அப்ப மோசமா இருந்துச்சு. அப்புறம் நான் உக்காந்து ஒர்க் பண்ணேன்."

"பச்சைப் புள்ளியையும் நீங்கதான் ஒர்க் பண்ணீங்களா?"

சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. இனிமே இதெல்லாம் எதுக்கும்மா? வேணும்னா அடுத்த பேப்பர்ல உன் பேரைப் போட்டுடலாம்."

என் வேலையை எடுத்து எனக்கே பிச்சை போடுகிறார்!

நான் அவரை அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பழைய மின்னஞ்சல்களைத் தோண்டினேன். 'இந்த நட்சத்திரத்தை நீக்கிவிடு' என்று அவரே எழுதியது இருந்தது. என் கணக்குகளோடு சேர்த்து, கட்டுரையை வெளியிட்ட இதழின் ஆசிரியருக்கு அனுப்பினேன். மாதக்கணக்கில் இழுத்தடித்துவிட்டு, கடைசியில் ஒரு திருத்தம் போட்டார்கள். என் பெயர் முதலில் வந்தது. கூடப் படித்தவர்களோ, "பெரிய மனுஷனை இப்படி அசிங்கப்படுத்தலாமா?" என்று என்னைத்தான் கேட்டார்கள். அடுத்த ஆராய்ச்சி வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் தர ஆளில்லை. இப்போது நாவலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறேன்.

திருத்தம் வெளியான அன்று அவரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "இப்ப திருப்தியா?"

இல்லை சார். கொஞ்சம்கூட இல்லை.