பச்சை மசியில் ஒரு ‘பி’

அந்த வெள்ளைப் பலகை என்றைக்கும் சரியாகத் துடைபடாது. முந்தின நாள் பாடம் மங்கலாகத் தெரியும். அதன்மேலேயே மாஸ்டர் பச்சை மசியில் எழுதுவார். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடை மாடியில் நடந்த ஆங்கில வகுப்பு அது. வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான தேர்வுக்காக நானும் எங்கள் வார்டு சீனியர் அக்காவும் டூட்டி முடிந்த கையோடு, கால் கடுக்க, அங்கே போய் உட்காருவோம். புருஷன் போனபின் ஒற்றை மகளை வைத்துக்கொண்டு ஆவடியில் வாடகை வீட்டில் இருந்தாள் அக்கா. அந்தப் பெண்ணைக் கரையேற்ற அவளுக்குத் தெரிந்த ஒரே வழி வெளிநாடு.

ஒருநாள், ‘கட்டாயம் வேண்டும்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லும் பாடம். ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னார் மாஸ்டர். அக்கா எழுந்து, “இட் இஸ் எசென்ஷியல் தட் ஐ ஆம் வித் மை டாட்டர்” என்றாள். மகளோடு நான் இருந்தே ஆகவேண்டும் என்று அர்த்தம். மாஸ்டர் அதைப் பலகையில் எழுதி, ‘ஆம்’ (am) என்பதை அடித்துவிட்டு ‘பி’ (be) என்று போட்டார். ‘ஆம்’ போட்டால் ஏற்கெனவே கூட இருக்கிறீர்கள் என்று ஆகிவிடுமாம். இன்னும் கைகூடாதது, ஆனால் நடந்தே தீரவேண்டியது, அதற்குத்தான் ‘பி’. ‘இருக்க வேண்டும்’ என்னும்போது ‘இருக்கிறேன்’ என்பதன் வாலை வெட்டி ‘இருக்க’ என்று மொட்டையாக நிறுத்துகிறோமே, அப்படி.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போதும் அக்காவுக்கு ஆறவில்லை. “இன்னாடி இது, ‘ஐ பி’யாம்! சின்ன வயசுலேர்ந்து ‘ஐ ஆம்’னுதானே சொல்லிகினு கீறோம்? அதுவுமில்லாம, நான் எம்பொண்ணு கூடத்தானே கீறேன்? அப்ப ‘ஆம்’தானே கரெக்டு?” எனக்கா, தூக்கத்தில் கண் சொக்கியது. “ஆமாக்கா” என்று சொல்லி வைத்தேன்.

அக்கா தேறினாள், மகளைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டு வெளிநாடு போனாள். நான் தேறவில்லை. அதே வார்டு, அதே மின்சார ரயில், கொரட்டூரில் ஏறி இறங்கியே என் காலம் போகிறது. சலிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் யாரிடம் போய்ச் சொல்ல?

அந்த மகளும் வளர்ந்து, கல்யாணமாகி, தலைப்பிரசவம். போன வாரம் வலி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, அக்கா நிற்கவேண்டிய இடத்தில் நான்தான் நின்றேன். அக்காவிடமிருந்து போனில் குரல் பதிவு வந்தது. “மேனேஜர் கிட்ட கேட்டேன்டி. ‘இட் இஸ் எசென்ஷியல் தட் ஐ பி வித் மை டாட்டர்’னு கரெக்டா சொன்னேன். ஆள் பத்தல, லீவு கெடையாதுன்னுட்டா. இப்ப ‘பி’தான்டி கரெக்டு.” சிரிக்கப் பார்த்து, முடியாமல் அழுதிருந்தாள். எனக்கு மாஸ்டர் மேல், இங்கிலீஷ் மேல், எல்லார் மேலும் எரிச்சல் வந்தது.

கட்டிலில் கிடந்தவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். “அம்மா வராங்களா ஆன்ட்டி?”

துடைத்தும் போகாத அந்தப் பச்சை எழுத்துதான் கண்முன் நின்றது.

“வரணும்னு சொன்னாங்கமா” என்றேன்.