உப்புவெளியின் கடைசிப் பாகம்

அந்தச் சித்திரக்கதையின் கடைசிப் பாகத்தைத் தேவகோட்டைக்குப் போகும் பேருந்தில் படித்து முடித்தேன். கடைசிப் படத்தில் வானமும் உப்புத் தரையும் மட்டும் இருந்தன. இன்னும் ஒரு பக்கம் இருக்கும் என்று தாளைத் திருப்பினேன். பின்னட்டைதான் வந்தது.

உலகமே எரிந்து, கடல் வற்றிப்போன பிறகு நடக்கும் கதை. கழுகு முகம் கொண்டவர்கள் தூக்கிப்போன கணவனைத் தேடி, ஒருத்தி சக்கரம் பூட்டிய படகில் உப்புவெளியைக் கடந்து போவாள். வருடக்கணக்காக வந்த தொடர் அது. இணையத்தில் அதன் வாசகர்கள் கூடிப் பேசும் குழுவில் நானும் இருந்தேன். அவளும் கணவனும் சந்திக்கப்போவது கோபுரத்திலா, கிணற்றடியிலா என்றுதான் அங்கே சண்டை நடக்கும். சந்திப்பார்களா என்று யாருமே கேட்டதில்லை. கடைசியில் அவள் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கும் இறகு முளைத்திருந்தது. அவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

பக்கத்தில் கணக்கு டீச்சர் இருந்தார். நான் அறிவியல் டீச்சர். இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம், காரைக்குடியிலிருந்து ஒரே பேருந்து. ஒவ்வொரு பாகத்தையும் படித்துவிட்டு அவரிடம்தான் கொடுப்பேன். அன்றும் கொடுத்தேன். இறங்குவதற்குள் புரட்டி முடித்து, "சரியாத்தான் முடிச்சிருக்காக" என்றார்.

"என்ன சரி டீச்சர்? அம்புட்டுத் தூரம் தேடிப் போனவ வெறுங்கையோட திரும்புறா."

"கதைதானே. அதுக்குப் போயி ஏன் இப்புடிக் கலங்குறீக?"

எனக்குக் கோபம் வந்தது. அவருக்கு அது கதைதான். அவருடைய வீட்டுக்காரர் மலேசியாவில் இருந்தாலும், மதிய இடைவேளையில் தவறாமல் போன் வரும். மைதானத்து வேப்பமரத்தடியில் நின்று சிரித்துச் சிரித்துப் பேசுவார். கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன என் கணவரோ நான் அழைத்தால், "என்ன விஷயம்?" என்பார். விஷயம் இல்லாமல் அவரிடம் பேச எனக்கு வழியில்லாமல் போயிற்று. மெல்ல அழைப்பதையே விட்டுவிட்டேன். அந்தப் படகுக்காரியாவது போய்ச் சேரட்டும் என்று நான் ஏன் அப்படி ஆசைப்பட்டேன் என்பதை டீச்சரிடம் எப்படிச் சொல்வது? அவர் சிரிப்பதைப் பார்க்காமல் இருக்க, ஆசிரியர் அறையில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காரப் பழகியிருந்தேன்.

சில மாதங்களில் அவர் வீட்டுக்காரர் வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டார். டீச்சர் பேருந்தில் வருவது நின்றது. வீட்டுக்காரரே ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடத் தொடங்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை நெய்ச்சோறு சாப்பிடக் கூப்பிட்டார்கள். உட்கார்ந்ததும் வீட்டுக்காரர், "நீங்கதான அந்தப் படகுக்காரி கதையக் குடுக்குறவுக?" என்றார். நான் விழித்தேன்.

"இவ போன்ல கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லுவா டீச்சர். எங்க ரூம்ல எல்லாருக்கும் நான் சொல்லுவேன். அந்தப் புள்ள புருசனைக் கண்டுபிடிச்சிருச்சான்னு வேலைக்குப் போற வழியில கேப்பாய்ங்க. ரெண்டு பேரும் சேந்துட்டாகன்னு இவ சொன்ன அன்னைக்கு எனக்கு அங்க இருப்பே கொள்ளலை. மறுநாளே மொதலாளிகிட்டப் போயி, ஊருக்குப் போறேன்னுட்டேன்."

டீச்சர் கறிச்சட்டியோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டார். அவர் கண்கள் என்னைக் கெஞ்சின.

எனக்குள் எழுந்ததைப் பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும். அத்தனை நாளும் வேப்பமரத்தடியில் அவர் சொல்லிச் சிரித்தது என் கதையை. எந்த வாசகருக்கும் கிடைக்காத முடிவை, நான் ஏங்கிக் கிடந்த முடிவை, அவர் ஒரு போன் பேச்சில் தனக்கென்று எடுத்துக்கொண்டார். அதைக் கேட்டு ஒருவர் கடல் தாண்டி வந்தும்விட்டார். 'அப்படி முடியலண்ணே' என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது.

"அவுக சேருற படத்தை நான் பாக்கணும். அந்தக் கடைசிப் புஸ்தகத்தைக் குடுங்க டீச்சர், பாத்துட்டுத் தாறேன்" என்றார் வீட்டுக்காரர்.

"யாரோ வாங்கிட்டுப் போனாகண்ணே. திருப்பித் தரலை."

டீச்சர் வந்து என் தட்டில் இன்னும் கொஞ்சம் கறி வைத்தார். அதையும் சாப்பிட்டேன்.

இன்றும் காலையில் பேருந்து அவர்களுடைய ஸ்கூட்டரை முந்திக்கொண்டு போகிறது. டீச்சர் கையசைக்கிறார். நானும் அசைக்கிறேன். அந்த எரிச்சல் இன்னும் குறையவில்லை.

போன வாரம் கோயம்புத்தூருக்கு, என் கணவருக்கு, நானாகவே போன் போட்டேன். ஒரு கதை சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் சற்று யோசித்து, "சொல்லு" என்றார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு அங்கே யாரோ கூப்பிட, வைத்துவிட்டார். படகு உப்புவெளிக்குள் இறங்குகிற இடம் வரை சொல்லியிருந்தேன்.