மூன்று மீட்டர் ராயில்டா

பதினொரு வருடத்துக்கு முன் சால்வதோர் நகரத்து மாலிலுள்ள அந்தத் துணிக்கடை ஆள் எடுத்தபோது போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: நல்ல தோற்றம். ராயில்டா சுருட்டை முடியைச் சூடு வைத்து நேராக்கி, அக்காவின் செருப்பை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனாள். அவள் தோற்றம் அவர்களுக்குப் பிடித்துத்தான் இருக்க வேண்டும். வெயில் பட்டுக் கெட்டுவிடக் கூடாதென்று ஜன்னலில்லாத கிடங்கில் வைத்துக்கொண்டார்கள்.

வெளுத்த பெண்கள் முன்னால் விற்றார்கள். நொடிக்கொரு தரம் கிடங்குக் கதவு திறக்கும். "அக்கா, இந்தம்மாவுக்கு எந்த அளவு?" ராயில்டா இடுக்கு வழியாக ஒரு பார்வை பார்த்துச் சொல்வாள். ஒருநாளும் தப்பியதில்லை. கமிஷன் முன்னால் நின்றவர்களுக்கு.

இந்த வருடம் அக்டோபரில் விற்பனைப் பெண் ஒருத்தி கல்யாணமாகிப் போனாள். ராயில்டா அந்த இடத்தைக் கேட்டாள். "நவம்பர் முடியட்டும், பாப்போம்" என்றார் மேலாளர் மிர்தெஸ்.

நவம்பர், கறுப்பின மக்களின் பெருமையைக் கொண்டாடும் மாதம். கறுப்பு ஊழியர் ஒருவரின் படத்தை வாசலில் வைக்கும்படி தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது. பத்தில் எட்டுப் பேர் கறுப்பர்களாக உள்ள ஊரில் கடை முழுக்கத் தேடி, கடைசியில் கிடங்கில் கண்டுபிடித்தார்கள். படம் எடுக்க வந்தவன் முகம் சுளித்தான். "என்னம்மா முடியை இப்படி வச்சிருக்கே? சுருட்டை எங்கே?" தண்ணீர் தெளித்துப் பழைய முடியை மீட்டு, மஞ்சள் தலைப்பாகை கட்டினார்கள். வாசல் கண்ணாடியில் மூன்று மீட்டர் உயரத்துக்கு ராயில்டா சிரித்தாள்.

விடுமுறை நாளில் அந்த அழகைப் பார்க்க முன்வாசல் வழியாக வந்தாள். புதுக் காவலாளி, அவனும் கறுப்பன்தான், வரிசை வரிசையாக அவள் பின்னாலேயே நடந்தான்.

"அண்ணே, வாசல்ல தொங்குறது நான்தான்."

அவன் நிமிர்ந்து படத்தைப் பார்த்தான். "அட ஆமா! மன்னிச்சுக்க தங்கச்சி. படத்துக்குப் பின்னால யாரும் போகச் சொல்லலியே, உள்ளே வர்ற நம்ம ஆளுங்க பின்னாலதான் போகச் சொன்னாங்க."

டிசம்பர் முதல் தேதி மிர்தெஸிடம் போய் நின்றாள்.

"உன்னை வாசல்லயே வச்சோமே ராயில்டா! இன்னும் என்ன வேணும்?"

"விக்கிற வேலை மேடம்."

"வர்றவங்களுக்குப் பழகின முகமா இருக்கணும்மா."

"ஒரு மாசமா என் மூஞ்சியத்தானே பாத்தாங்க?"

"அது நவம்பர்" என்றார் மிர்தெஸ், வருத்தத்தோடு.

வெள்ளையர் நிறைந்த தெற்கிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பொன்முடிக்காரிக்கு வேலை கிடைத்தது. வாசலில் கிறிஸ்துமஸ் தாத்தா ஏறினார். இறங்கிய படத்தைச் சுருட்டி அடுக்கில் வைப்பது கிடங்கின் வேலை. சீட்டு எழுதாமல் எதையும் அடுக்கில் வைக்கக் கூடாது என்பது கடையின் சட்டம். ராயில்டா ஒழுங்காக எழுதி ஒட்டினாள்: 'ராயில்டா. மூன்று மீட்டர். கறுப்பு. நவம்பர் மட்டும்.'

கதவு திறந்தது. பொன்முடி எட்டிப் பார்த்தது. "அக்கா, இந்தம்மாவுக்கு எந்த அளவுன்னு உங்களைக் கேக்கச் சொன்னாங்க."

ராயில்டா இடுக்கு வழியாகப் பார்த்தாள். நாற்பத்திரண்டு, சந்தேகமே இல்லை.

"முப்பத்தெட்டு" என்றாள்.