சவுரியம்மாள் காயப்போட்ட மல்லிச்செடி

திண்டிவனத்துக்குப் பக்கத்துச் சேரி ஒன்றில் சவுரியம்மாள் இருந்தாள். புருஷன் இல்லை. வேர்க்கடலை மண்டியில் மல்லாட்டை உடைத்துப் பிழைத்தாள். ஒரே மகன் இருதயராஜ் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா பக்கம் போனபோது, அவன் திரும்பி வருகிற வருஷம் மே மாதக் கடைசியில் மாதா தேருக்கு மல்லி மாலை போடுவதாக வேண்டிக்கொண்டாள். தன் வீட்டுச் செடியின் பூவாகவே இருக்க வேண்டும் என்று நிபந்தனை வேறு. மாதா ஒன்றும் கேட்கவில்லை, இவளாகப் போட்டுக்கொண்டதுதான்.

வெயில் காலத்தில் மல்லியைப் பார்த்துக்கொள்ள மனசு கல்லாக வேண்டும். சித்திரை பிறந்ததும் தண்ணீரை நிறுத்தி, இலையெல்லாம் கிள்ளிப் போட்டு, செடி செத்தது போல் வாடும்வரை சும்மா இருக்க வேண்டும். அப்புறம் எருப் போட்டுத் தண்ணீர் விட்டால் கிளைக்குக் கிளை மொட்டு. நடுவில் யாராவது இரக்கப்பட்டால் போச்சு. தழைக்கும், பூக்காது.

சண்டை முடிந்து, நாற்பத்தாறு சித்திரையில் இருதயராஜ் முழுசாக வந்து சேர்ந்தான். செடி அப்போது மொட்டையாக நின்றது. மறுநாள் சாயங்காலம் மண்டியிலிருந்து வந்தவள் பார்த்தாள். செடியைச் சுற்றிப் பாத்தி கட்டி, தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

"நீ வேலைக்குப் போய்க்கினு செடிய காய வுட்டுட்டியேம்மா. ஊர்க் கெணத்துலேந்து கொடம் கொடமா நானே சேந்திக்கினு வந்தேன். ஒருத்தனும் வாயத் தொறக்கல."

அந்தக் கிணற்றில் சேரிக்காரர்கள் கை வைக்கக் கூடாது. யாராவது ஊற்றுவார்களா என்று குடத்தோடு வெயிலில் நின்றே சவுரியம்மாளுக்குத் தலை நரைத்துவிட்டது. காக்கிச் சட்டையோடு போனவனை மட்டும் யாரும் தடுக்கவில்லை. அந்தத் தண்ணீரை நிறுத்து என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவன் தினமும் ஊற்றினான். அவளும் தினமும், "நல்லா ஊத்து கண்ணு" என்றாள்.

செடி மதமதவென்று தழைத்தது. மே கடைசியில் கிளை கிளையாகத் தேடியும் ஒரு மொட்டு இல்லை. இத்தனை வருஷத்து வேண்டுதல், மனசு கனத்துத்தான் போயிற்று. பிறகு கொழுந்துகளைக் கிள்ளி, வாழைநாரில் நெருக்கமாகத் தொடுத்து, பச்சை மாலையாகத் தேருக்குக் கொண்டுபோய்ப் போட்டாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

"அவ்ளோ தண்ணி ஊத்தியும் ஏம்மா பூக்கல?" என்றான் இருதயராஜ்.

"மாதாவுக்கு இந்த வருஷம் தழைதான் வேணுமாம்டா. நாளைக்கும் போய் சேந்திக்கினு வா."